அன்னபேதி காட்டிய வழி

இலையில் தெளிக்கும் சத்தைச் செடி எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கு 1840-களிலேயே பிரான்சில் விடை கிடைத்துவிட்டது. வெளிறி மஞ்சளான இலைகளில் இரும்பு உப்புக் கரைசல் பட்டால் பச்சை திரும்புவதை யூசேப் கிரிஸ் என்ற வேதியியலாளர் காட்டினார். அந்த உப்பைத்தான் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டு வாங்குகிறோம். ஆக, எடுத்துக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. எதை, எவ்வளவு, எந்த நிலையில் என்பதில்தான் இன்றைய இயற்கைத் தோட்டக்காரர்கள் தடுமாறுகிறார்கள். இலைவழி ஊட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால், அது வென்ற இடங்கள் பெரும்பாலும் ஒரே வகையாக இருப்பது தெரியும்: மண்ணில் சத்து இருந்தும் வேருக்கு எட்டாத இடங்கள், அதுவும் மிகச் சிறிய அளவே தேவைப்படும் சத்துகள்.

ஹவாய்த் தீவுகளின் அன்னாசித் தோட்டங்கள் இதற்குச் சரியான சாட்சி. ஒவாஹு தீவின் மண் செக்கச்செவேல் என்றிருக்கும். இரும்புக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் அங்கே அன்னாசிச் செடிகள் மஞ்சளாகி நின்றன. அந்த மண்ணில் மாங்கனீசு அளவுக்கு மீறி இருந்ததால் செடியால் இரும்பைப் பயன்படுத்த முடியவில்லை. இரும்பை மேலும் மண்ணில் கொட்டினாலும் அது அங்கேயே முடங்கிப்போகும். மேக்ஸ்வெல் ஜான்சன் என்ற ஆய்வாளர் 1916-இல் அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளிக்கச் சொன்னார். செடிகள் பச்சை பிடித்தன. தீவின் அன்னாசித் தொழிலே அந்தத் தெளிப்பைக் கைக்கொண்டது. இதில் அன்னாசியின் உடல்வாகுக்கும் பங்கு உண்டு. அதன் இலைகள் புனல்போல் நீரை அடிப்பக்கம் இறக்கி இலைக்கக்கத்தில் தேக்கிவைக்கும். அங்கே சிறு வேர்களும் முளைத்திருக்கும். தக்காளிக்கோ கத்தரிக்கோ அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. நம் ஊரில் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை மஞ்சளாகும்போது அன்னபேதி தெளிக்கச் சொல்வதும் ஹவாய் கற்றுத்தந்த அதே தர்க்கம்தான்.

நம்பிக்கை எல்லை மீறியது 1950-களில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டூக்கி, விட்வர் என்ற இருவர் கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் இட்டு, அது தண்டுக்கும் வேருக்கும் இறங்குவதைக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். அருமையான ஆய்வு, இலை சத்தை ஏற்கும் என்பது ஐயமற உறுதியானது. ஆனால் இலையில் விழுந்த துளியில் பெரும்பகுதி உள்ளே போகிறது என்ற செய்தி, செடிக்கு வேண்டியதில் பெரும்பகுதியை இலை வழியாகவே கொடுத்துவிடலாம் என்று விற்பனைக்காரர்கள் வாயில் உருமாறியது. இரண்டும் ஒன்றல்ல. துளி முழுவதும் உள்ளே போனாலும் துளி துளிதானே.

நம்மிடையே கொடுமுடி மருத்துவர் கே. நடராஜனின் முயற்சியால் பரவிய பஞ்சகவ்யாவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நூற்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளித்தால் அதில் பஞ்சகவ்யா 6 லிட்டர். தாராளமாக நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 60 கிராம்தான் வரும். நான்கு முறை தெளித்தால் 240 கிராம். பத்து டன் காய்க்கும் தக்காளியோ 20 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து கேட்கும். மிச்சத்தைத் தொழுவுரமும் பசுந்தாளும் மண்ணும்தான் கொடுத்தாக வேண்டும்.

'தெளித்த பிறகு செடி தளதளவென்று வருவதைக் கண்ணால் பார்க்கிறோமே' என்பார்கள். பார்த்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காரணம் வேறாக இருக்கலாம். பஞ்சகவ்யாவைப் பகுத்துப் பார்த்தவர்கள் அதில் ஆக்சின், ஜிப்ரலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைக் கண்டிருக்கிறார்கள். அவை மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்பவை. அந்தப் பயனை உணவின் கணக்கில் எழுதக் கூடாது. தெளிக்காமல் ஒரு வரிசையை ஒப்பீட்டுக்கு விட்டுவைக்காத தோட்டத்தில், நன்றாக வந்தது தெளிப்பாலா, அதே வாரம் வைத்த மண்புழு உரத்தாலா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. உளுந்தும் பாசிப்பயறும் பூக்கும் பருவத்தில் டிஏபி கரைசல் தெளித்தால் மகசூல் கூடுவது தமிழக உழவர்கள் அறிந்தது. ஆப்பிள் மரங்கள் யூரியாவை இலை வழியே நன்றாக ஏற்கின்றன. பேரூட்டமும் இலை வழியே போகிறதே என்று கேட்கலாம். போகிறதுதான். ஆனால் யூரியா மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறு. இலையின் மெழுகுத் தோலை உப்புகளைவிட எளிதாகக் கடக்கும். டிஏபி தெளிப்போ அடியுரம் வாங்கிய பயிருக்குப் பூக்கும் நேரத்தில் தரும் கைத்தாங்கல். இயற்கைத் தோட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. அங்கே மிஞ்சுவது மீன் அமிலமும் கடற்பாசிச் சாறும் பஞ்சகவ்யாவும். சத்தளவில் மூன்றும் நீர்த்தவை. தக்காளியின் அடிப்பகுதி கருகுகிறது என்று முட்டை ஓட்டுக் கரைசலை இலையில் அடிப்பதும் வீண். இலைக்குள் போன சுண்ணாம்புச் சத்து அங்கிருந்து காய்க்கு நகர்வதில்லை. ஒரே சீராக நீர் பாய்ச்சி வேர் வழியாகத்தான் அதைக் காய்க்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

அன்னபேதி போன்ற நுண்ணூட்ட உப்புகளின் கதை வேறு. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் அவற்றை அடியோடு தடுக்கவில்லை. மண்ணிலோ இலையிலோ பற்றாக்குறை இருப்பதைப் பரிசோதனையால் காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்கின்றன.