கடலும் வானும் நினைவும்: ஐவன் பீரிஸின் ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளில் மலைகள் இல்லை, ஆறுகளும் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவு நோக்கிப் படகிற் செல்லும் ஒருவரின் கண்முன் நீண்ட நேரம் நிற்பவை இரண்டே: கீழே கடல், மேலே வான். தாழ்ந்த நிலமும் பனைவரிசையும் அவற்றிடையே மெல்லியதொரு கோடாகவே தோன்றும். விவரங்களை நீக்கிக் கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் எஞ்சவிடுவது அரூப ஓவியத்தின் இயல்பெனின், தீவகத்தில் இயற்கையே அதனைச் செய்துள்ளது எனலாம்.

இத்தகைய காட்சியைத் தம் கலையின் அடிப்படையாகக் கொண்ட இலங்கை ஓவியருள் முதன்மையானவர் ஐவன் பீரிஸ் (1921–1988). கொழும்புக்குத் தெற்கே தெகிவளைக் கடற்கரையை அண்டி வளர்ந்த இவர், திரைப்பட நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் இளவல் ஆவார். ஹரி பீரிஸிடம் ஓவியம் பயின்ற இவர், 1943இல் லயனல் வென்ட் முன்னின்று அமைத்த '43 குழுவின் தொடக்க உறுப்பினருள் ஒருவராயினார். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன் முதலியோரும் அக்குழுவைச் சேர்ந்தவர்களே. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் நிலைபெற்றிருந்த, கண்டதைக் கண்டவாறே வரையும் கல்விக்கூட மரபை இவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் ஐரோப்பிய நவீனத்துவத்தை அவர்கள் அப்படியே பின்பற்றியோரும் அல்லர். கீற் கீழைத்தேயச் சிற்ப, ஓவிய மரபுகளை நாடினார்; ஐவன் பீரிஸ் கடற்கரையை நாடினார்.

அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று 1946 முதல் 1949 வரை இலண்டனிற் பயின்று திரும்பிய பீரிஸ், 1953இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பின்னர் சவுத்எண்ட் என்னும் கடலோர நகரிற் குடியமர்ந்து, வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே வரைந்தார். வீட்டருகே வேறொரு கடல் இருந்தும் அவரது திரைச்சீலையில் மீண்டும் மீண்டும் எழுந்தது தாயகத்தின் கரையே. மணல், நீர், வான் என்பன கிடைப்பட்டைகளாக அமைய, அவற்றின் குறுக்கே ஒரு தனிமரமோ அசைவற்ற மனித உருவமோ நிற்கும். உருவங்களை அவர் முற்றாகக் கைவிட்டாரல்லர். எனினும் காலப்போக்கில் அவை எளிமையுற்று வண்ணவெளியுடன் ஒன்றாயின. கண்ணெதிரே இல்லாத இடத்தை வரைபவனுக்குச் சில்லறை விவரங்கள் மறந்துபோகும், மறக்கவியலாதனவே எஞ்சும். பீரிஸின் அரூபச் சாயலுக்கு இதுவே காரணம் எனக் கொள்ளல் பொருந்தும்.

அரூப ஓவியம் மேனாட்டு இறக்குமதி என்றும், மக்கள் வாழ்வினின்று விலகியது என்றும் குறை கூறப்படுவதுண்டு. சமூகச் சூழலைக் கருதாது நாகரிகத்துக்காக வரையப்படும் படைப்புகளைப் பொறுத்தவரை அக்குறை நியாயமானதே. ஆனால் பீரிஸின் வெறுமையான கரைகள் வெறும் அலங்காரம் அல்ல. பிறந்த மண்ணுக்கும் வாழும் மண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தை அவை அளக்கின்றன. அத்தூரம் சமூக அனுபவம் அன்று என எவரும் கூறார்.

தீவக மக்கள் இதனை எளிதில் உணர்வர். 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் போரின் காரணமாக அவர்களுட் பெரும்பாலோர் ஊர்விட்டு நீங்கினர். கடல் கடந்து சென்று திரும்பாதோர் பலர். பீரிஸ் தாமாகப் புறப்பட்டவர், இவர்களோ துரத்தப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டை மறைத்தல் தகாது. ஆயினும் தொலைவிலிருந்து நினைவுகூரும்போது இருசாராருக்கும் எஞ்சுவது ஒன்றே: ஒரு கரை, ஒரு மரம், எல்லையற்ற வான்.

யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்துக்கு வழிசமைத்த அ. மாற்கு (1933–2000) பிறந்ததும் குருநகர் என்னும் கடலோரப் பகுதியிலேயே. கரையோர வாழ்வும் நவீன ஓவியமும் நமக்கு ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதற்கு இது சான்றாகும். தீவகத்தின் கடலையும் வானையும் நிறைவாக வரையும் பணி ஒரு தலைமுறைக்காகக் காத்திருக்கின்றது. அதனை மேற்கொள்வோர் தெகிவளைக் கரையை இறுதிவரை மறவாத அந்த ஓவியரிடம் கற்கவேண்டியது பாணியை அன்று. நிலத்தின்பால் அவர் கொண்டிருந்த விசுவாசத்தையே.