பிரெஞ்சு நிபந்தனை வினை

நிபந்தனை வினை (பிரெஞ்சு: கோன்திசியொனெல்) என்பது பிரெஞ்சு இலக்கணத்தில், ஒரு நிபந்தனை நிறைவேறினால் நிகழக்கூடிய செயலைக் குறிக்கும் வினைவடிவம் ஆகும். இதற்கு நிகழ்காலம், இறந்தகாலம் என இரு வடிவங்கள் உண்டு. மரபிலக்கணங்கள் இதனைத் தனி வினைப்பாங்காகக் கொண்டன. இக்கால மொழியியலாளர் பலர் இதனைக் கால வடிவங்களுள் ஒன்றாகக் கருதுகின்றனர். "அவர் வருவதாகச் சொன்னார்" என்பது போல, கடந்த காலத்திலிருந்து நோக்கிய எதிர்காலத்தையும் இவ்வடிவம் உணர்த்துவதே அதற்குக் காரணம்.

சொற்பிறப்பு

இப்பெயர் உடன்பாடு எனப் பொருள்படும் 'கொந்திகியோ' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பகுதிகள் 'கொன்' (கூட), 'தீகெரே' (சொல்லுதல்) என்பனவாகும்.

உருவாக்கம்

செவ்விய இலத்தீனில் இதற்கெனத் தனி வடிவம் இல்லை. பேச்சு இலத்தீனில் 'கான்தாரே' (பாட) என்பதுடன் 'உடைத்தாயிருந்தேன்' எனப் பொருள்படும் 'ஹாபேபாம்' சேர்ந்து, 'பாட வேண்டியிருந்தது' என்ற பொருளில் வழங்கியது. இத்தொடர் சுருங்கியே இன்றைய வடிவம் பிறந்தது. எனவே, எதிர்கால வினையடியுடன் தொடர் இறந்தகால விகுதி சேர்வதே இதன் விதியாகும். எடுத்துக்காட்டாக, 'ஷான்த்தரோன்' (பாடுவோம்) என்பது நிபந்தனை வினையில் 'ஷான்த்தரியோன்' ஆகும்.

தமிழுடன் ஒப்பீடு

"நேரம் இருந்தால் செல்வேன்" என்னும் தொடரில் 'ஆல்' விகுதி நிபந்தனைப் பகுதியில் அமைகிறது. நன்னூல் இத்தகைய எச்சத்தைச் 'செயின்' என்னும் வாய்பாட்டால் குறிக்கும். பிரெஞ்சிலோ 'சி' என்னும் இடைச்சொல்லுக்குப் பின் தொடர் இறந்தகாலம் வரும். நிபந்தனை வினை, விளைவைக் கூறும் பகுதியில் மட்டுமே வரும். தமிழ் வழக்கை எண்ணி 'சி'க்குப் பின் நிபந்தனை வினையை இடுவது பிழையாகும். எனினும் ஓர் ஒற்றுமையும் உண்டு: 'இருந்தால்' என்பதும் இறந்தகால அடியிலிருந்தே உருவாகிறது.

பிற பயன்பாடுகள்

பணிவாக ஒன்றை வேண்டும்போதும் இவ்வடிவம் பயன்படும். 'ழெ வூத்ரே' என்பது 'நான் விரும்புவேன்' என்னும் பணிவான வழக்காகும்.

செய்தித்தாள்கள் உறுதிப்படுத்தப்படாத தகவலை இவ்வடிவில் தருகின்றன. "அமைச்சர் பதவி விலகினார்" என்னும் பொருளுடைய தொடரில் நிபந்தனை வினை வந்தால், "விலகியதாகக் கூறப்படுகிறது" என்றே மொழிபெயர்க்க வேண்டும். இல்லாவிடில் வதந்தி உண்மைச் செய்தியாகிவிடும்.

புதுச்சேரியில்

திண்டிவனம், ஓமந்தூர் ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதியாகும். 1956 ஆம் ஆண்டு கையெழுத்தாகி 1962 இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யாதவரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. அந்த ஏற்பாடே ஒரு நிபந்தனையுடன் அமைந்தது குறிப்பிடத்தக்கது.