கோட்டையும் வாய்க்காலும்: ஜேடர்பாளையம் கற்றுத் தரும் பாடம்



விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அப்பயணம் தொலைதூர நாடுகளுக்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியிலேயே அதற்கான பாடங்கள் பரந்து கிடக்கின்றன.

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் ஒரு கோட்டை உள்ளது. 1768ஆம் ஆண்டில் கம்பெனிப் படை அதனைக் கைப்பற்றியது. சில மாதங்களிலேயே ஹைதர் அலியின் படை அதை மீட்டது. வடமேற்கே சங்ககிரி மலையில் அடுக்கடுக்கான மதில்களும் வாயில்களும் கொண்ட மற்றொரு கோட்டை. அதுவும் மைசூர் ஆட்சியின் வலுவான அரணாக விளங்கியது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி கம்பெனியின் கைக்குச் சென்றது. 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது அந்தச் சங்ககிரியில்தான். இன்று இரு கோட்டைகளிலும் காவல் வீரர் இல்லை, முரசொலி இல்லை. ஆட்சியை நாடியோருக்குக் கொடுப்பவனும் அதை எடுத்துக்கொள்பவனும் அல்லாஹ்வே என்ற உண்மையைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காணலாம்.

அங்கிருந்து காவிரிக் கரைக்கு வாருங்கள். பரமத்தி வேலூர் வட்டத்தில் அமைந்த ஜேடர்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு உள்ளது. அருகே குடும்பங்கள் அமர்ந்து இளைப்பாறப் பூங்காவும் உண்டு. பெரும்பாலோர் இவற்றைக் கண்டு, மீன் உண்டு, ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆனால் அங்கே காண வேண்டிய தலையாய வரலாற்றுச் சின்னம், ஆற்றிலிருந்து பிரிந்து செல்லும் ராஜா வாய்க்கால்.

பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் என்னும் கொங்கு நாட்டுத் தலைவர், சில நூற்றாண்டுகளுக்கு முன் இதனை வெட்டுவித்தார். பொறிகள் இல்லாத காலம் அது. நிலத்தின் சரிவைத் துல்லியமாகக் கணித்தால்தான் வாய்க்காலில் நீர் தானே ஓடும். மனிதரின் கைகளும் மண்வெட்டியும் செய்த அப்பணி இன்றும் உயிரோடு இருக்கிறது. இதன் தொடர்ச்சியாகவும் கிளைகளாகவும் குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் செல்கின்றன. வேலூர் வட்டாரத்தின் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கரும்பு வயல்களும் இந்த நீரால் செழிப்பவை. அவருக்கு ஜேடர்பாளையத்தில் அரசு சிலை அமைத்துள்ளது. எனினும், அவர் பெயரை அறியாதவரின் வயலுக்கும் அந்நீர் தவறாமல் பாய்கிறது.

"அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லரே, அவர் வரலாறு நமக்கு எதற்கு?" எனச் சிலர் கேட்கக்கூடும். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தாதவர் என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் போதனை. இந்த நீரில் விளைந்த வாழைப்பழம் நம் இஃப்தார் விரிப்பிலும் இருக்கிறது. இக்கரை வெற்றிலை நம் நிக்காஹ் வீடுகளின் தாம்பூலத்திலும் இருக்கிறது. பயனை நாம் அனுபவித்துக்கொண்டு, பாடுபட்டவரை அயலார் என ஒதுக்குவது முஃமினுக்கு அழகன்று. நம் பிள்ளைகள் இந்த மண்ணின் வரலாற்றைத் தமது வரலாறாக அறிந்து வளர வேண்டும்.

நீரைப் பொதுவாக்கும் பணி நம் முன்னோரும் போற்றிய பணியே. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வழங்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் ஹாஜிகளின் தாகம் தீர்க்க மலைகளைக் குடைந்து மக்காவுக்கு நீர் கொண்டுவந்தார். இதே காவிரியில், கர்நாடகத்தின் கண்ணம்பாடியில் அணை கட்ட விரும்பினார் திப்பு சுல்தான். அதனை அறிவிக்கும் பாரசீகக் கல்வெட்டு, பின்னாளில் 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணைப் பணியின்போது கிடைத்தது. போர்களுக்கிடையே அவர் எண்ணம் நிறைவேறாமற்போனது. திப்புவின் வாளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கல்லைப் பற்றியும் சொல்லுவோம்.

மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் செயல்களுள் கிணறு தோண்டுவதையும் நீரோட்டம் அமைப்பதையும் மரம் நடுவதையும் நபிமொழி எண்ணிக் காட்டுகிறது. கோட்டை தன்னைக் கட்டியவரைக் காக்க எழுந்தது. காக்கப்பட வேண்டியவர் போன பின் அது வெறுமையானது. வாய்க்கால் பிறருக்காக வெட்டப்பட்டது. பிறர் இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது.

ஜேடர்பாளையம் செல்வோர், ஆற்றில் தடை செய்யப்பட்ட இடங்களில் இறங்காதீர்கள், உயிர் அமானிதம். நெகிழிப் பைகளை நீரில் எறியாதீர்கள். ஓடும் ஆற்றிலும் உளூவுக்கு வீண்விரயம் கூடாது எனக் கற்ற சமுதாயம் நாம். வாய்க்கால் கரையில் பிள்ளைகளுடன் சற்று நடந்து, "நமக்குப் பின் வருவோருக்கு நாம் எதை விட்டுச் செல்லப்போகிறோம்?" என்று கேளுங்கள்.

நம் மறைவுக்குப் பின்னும் பயன் தரும் நற்செயல்களைச் செய்ய வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.