உபயம், அன்பளிப்பு, வரி: பார்வையாளர் பணத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

யூடியூப் போன்ற தளங்களில் படம் காட்டுகிறவர்கள் விளம்பரத்தை நம்பாமல் பார்க்கிறவர்களிடமே காசு வாங்கிப் பிழைக்கலாம் என்கிற பேச்சு கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உலகெங்கும் கேட்கிறது. மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துப் படைப்பாளியை ஆதரிக்கும் பேட்ரியான் தளம் 2013ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. யூடியூபே 2017ல் சூப்பர் சாட்டையும் 2018ல் கட்டண உறுப்பினர் முறையையும் கொண்டுவந்தது. இதையெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்கிறார்கள், விடுதலை என்றும் சொல்கிறார்கள். கண்டுபிடிப்பு இல்லை என்று காட்டுவது சுலபம். விடுதலையா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற சாலையில் குரும்பலூர் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊர் எதையாவது எடுத்துக்கொண்டு, திருவிழா நாடகத்துக்குக் காசு எப்படி வருகிறது என்று பார்த்தால் மூன்று வழிகள் தெரியும். முதலாவது வரி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி முடிவாகும். மச்சு வீட்டுக்கும் குடிசைக்கும் ஒரே தொகை. நாடகத்துக்கு முன்பணம் போவது இந்தக் காசில்தான். விழா முடிந்த பிறகு வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசித்தாக வேண்டும். இரண்டாவது உபயம். பந்தல், மைக் செட், டியூப் லைட் என்று ஒவ்வொன்றையும் ஒருத்தர் ஏற்றுக்கொள்வார். டியூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் உபயதாரர் பெயரை எழுதிவிட்டு அதன் கீழே இருட்டில் உட்கார்ந்திருப்பது நமக்குப் பழக்கமான கேலி. மூன்றாவது அன்பளிப்பு. வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும். ஒருத்தர் மேடையேறி பபூன் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவார். ஆர்மோனியம் நிற்கும். அவர் பெயர், அவர் அப்பா பெயர், தெரு எல்லாம் மைக்கில் சொல்லி நன்றி கூறிய பிறகுதான் முருகன் வள்ளியைத் துரத்த முடியும்.

மூன்றுமே மேடைக்கு வெளியிலிருந்து வருகிற பணம்தான். ஆனால் மூன்றும் மேடையை மூன்று விதமாக ஆள்கின்றன. வரி கொடுத்தவனுக்கு நாடகம் முழுக்கச் சொந்தம். ஒரு வசனம்கூடத் தனியாகச் சொந்தமில்லை. உபயதாரர் மேடைக்கு வரவே மாட்டார். ஆனால் அவர் மனசு கோணினால் விளக்கு எரியாது. அன்பளிப்புக்காரரோ நாடகத்தை நிறுத்திவைக்கிற அதிகாரத்தை அந்த நிமிஷத்துக்கு விலைக்கு வாங்குகிறார். இணையத்தில் நடக்கிற பணப் பரிமாற்றங்களைப் புரிந்துகொள்ள இந்த மூன்று சொற்களே போதும் என்று தோன்றுகிறது.

2

விளம்பரம் என்பது உபயம். யூடியூப் 2005ல் தொடங்கியது, அடுத்த ஆண்டே கூகுள் அதை வாங்கியது. 2007ல் விளம்பர வருமானத்தில் படம் போடுகிறவர்களுக்கும் பங்கு கொடுக்கும் திட்டம் வந்தது. நீளமான படங்களுக்கான கணக்கில் படைப்பாளிக்கு 55 விழுக்காடு, நிறுவனத்துக்கு 45. இதற்கு முப்பது ஆண்டுகள் முன்னால், 1977ல், கனடாவைச் சேர்ந்த டாலஸ் ஸ்மைத் என்கிற அரசியல் பொருளாதார ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். வானொலியும் தொலைக்காட்சியும் விற்கிற சரக்கு நிகழ்ச்சி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விற்கப்படுகிற சரக்கு பார்வையாளர், வாங்குகிறவர் விளம்பரதாரர், நிகழ்ச்சி என்பது பார்வையாளரைக் கூட்டிவர வைக்கிற பொரி கடலை. மேற்கத்திய மார்க்சியர்கள் பண்பாட்டைக் கருத்தியலாக மட்டும் பார்த்து இந்தப் பொருளாதாரத்தைத் தவறவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். யூடியூபைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

சரக்கை வாங்குகிறவனுக்குத் தரம் பார்க்கிற உரிமை உண்டு. 2017 மார்ச்சில் தங்கள் விளம்பரங்கள் தீவிரவாதப் படங்களோடு சேர்ந்து ஓடுகின்றன என்று தெரியவந்ததும் பெரிய நிறுவனங்கள் பல யூடியூபிலிருந்து விலகின. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. வன்முறை, சர்ச்சைக்குரிய பொருள், துயர நிகழ்வு என்று இயந்திரம் முடிவு செய்தால் படத்தின் பக்கத்தில் மஞ்சள் நிற டாலர் குறி விழும். விளம்பரம் குறையும் அல்லது நிற்கும். 2018 ஜனவரியில் இன்னொரு கதவு மூடியது. 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவர்களுக்கு விளம்பரப் பங்கே கிடையாது என்றானது.

இங்கே தணிக்கை என்கிற சொல் வராது. படத்தை யாரும் தடுக்கவில்லை, காசு மட்டும் வராது, அவ்வளவுதான். 2017ல் வெளியான திவ்யபாரதியின் 'கக்கூஸ்' மலக்குழி மரணங்களையும் மலம் அள்ள வைக்கப்படும் மக்களையும் பற்றிய ஆவணப்படம். அதைத் திரையிடக் காவல்துறை பல இடங்களில் அனுமதி மறுத்தது. இணையத்தில்தான் பலர் பார்த்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் எந்த சோப்புக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும்? அவ்வளவு தூரம் போக வேண்டாம். அரியலூர் மாவட்டம் சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் பேர்போனது. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள். அங்கே ஒரு பையன் செல்போனை எடுத்துக்கொண்டு சுரங்கக் குழியைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பினால் அவனுக்கு உள்ளூரில் கிடைக்கக்கூடிய உபயதாரர் யார் என்று நினைத்துப் பாருங்கள்.

விளம்பரத்தில் வாழ்கிறவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதும் சரியில்லை. 2025 ஆகஸ்டில் கோபி, சுதாகரின் 'பரிதாபங்கள்' சாதி ஆணவக் கொலையைப் பகடி செய்து ஒரு படம் போட்டது. அவர்கள்மேல் காவல்துறையில் புகார் போனது. லட்சக்கணக்கான பார்வையாளர்களை வைத்திருப்பவர்கள் ஒரு படத்தின் வருமானம் போனாலும் தாங்குவார்கள். மூவாயிரம் பேர் பார்க்கிற சேனல் தாங்காது.

3

பார்க்கிறவர், படிக்கிறவர் காசில் பண்பாட்டு உற்பத்தி நடந்த வரலாறு நம்மிடம் நீளமாகவே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல் அச்சுக்குப் போவதற்கு முன் 'கையொப்பம்' வாங்குவார்கள். இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டு முன்கூட்டியே பணம் தருவது. 1887ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததில் இந்தக் கையொப்பங்களுக்குப் பங்குண்டு. ஆனால் கையொப்பமிட்டவர்கள் யார்? உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள், மடத்தைச் சேர்ந்தவர்கள். பலர் கூடிக் கொடுத்தார்கள் என்பது உண்மை, அந்தப் 'பலர்' ஒரே வர்க்கம் என்பதும் உண்மை. 1920ல் பாரதி தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக அச்சிடத் திட்டமிட்டுப் பொதுமக்களிடம் கடனாகப் பணம் கேட்டு அறிக்கை விட்டார். அது நடக்கவில்லை.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் வந்தது. 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டும்தான் என்ற அறிவிப்போடு தொடங்கிய பத்திரிகை. பேட்ரியான்காரர்கள் இன்று சொல்வதை அவர் அன்றே செய்திருக்கிறார். விளம்பரமும் பெருவாரி விற்பனையும் வேண்டாம் என்று ஒதுக்கியதால்தான் யாருக்கும் பழக்கமில்லாத புதுக்கவிதையை மாதாமாதம் போட முடிந்தது. 1970வரை 119 இதழ்கள் வந்தன. விலையைக் கொடுத்தது செல்லப்பாவின் குடும்பம். சந்தாவின் சுதந்திரம் பற்றிப் பேசுகிறபோது சந்தா போதாமல் போன இடத்தில் யார் வீட்டு நகை போனது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். சிறுபத்திரிகை நடத்திய எல்லோருக்கும் இது தெரியும்.

4

சினிமாவில் இரண்டு உதாரணங்கள் முக்கியமானவை. 1976ல் ஷ்யாம் பெனகல் எடுத்த 'மந்தன்'. குஜராத் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள், 10 லட்சம் சேர்ந்தது. தங்கள் படம் என்று சொல்லி வண்டி வண்டியாக வந்து பார்த்தார்கள். இது நம் வகைப்பாட்டில் வரி. சமமான தொகை, பெயர் சொல்லாத பணம். ஆனால் வரி போட்டது ஊர்க்கூட்டம் இல்லை, மேலேயிருந்த நிறுவனம். ஆகவே படம் கூட்டுறவின் கதையைச் சொன்னது. அதே சமயம் கூட்டுறவுக்குள் தலித்துகளுக்கு இடம் உண்டா என்கிற மோதலையும் அந்தப் படம் காட்டிவிட்டது. வரி கொடுத்த கூட்டம் ஒரே கூட்டம் இல்லை என்பது திரையிலேயே தெரிந்தது.

இன்னொன்று ஜான் ஆபிரகாம். 1977ல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர். 1984ல் கேரளத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் சின்னச் சின்னத் தொகைகளாகத் திரட்டினார்கள். அந்தக் காசில் 1986ல் 'அம்ம அறியான்' வந்தது. வந்த படத்தையும் வணிக விநியோகத்துக்குக் கொடுக்காமல் மறுபடி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1987 மே மாதம் ஜான் இறந்துபோனார்.

ஒடேசாவில் கவனிக்க வேண்டியது தொகையைவிட அதன் சுற்றுப்பாதை. படம் காட்டுவதே வசூல், வசூலே அடுத்த படம், கொடுத்தவன் கொடுக்காதவன் எல்லோரும் ஒரே திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கொடுத்தவனுக்குத் தனி இருக்கை இல்லை. உபயமும் அன்பளிப்பும் நுழைய முடியாத ஏற்பாடு இது. வரியின் சமத்துவம் இருக்கிறது, வரியின் கட்டாயம் இல்லை.

5

இதோடு இன்றைய ஏற்பாடுகளை வைத்துப் பார்க்கலாம். சூப்பர் சாட் என்பது சட்டையில் ஊக்கு குத்துவதேதான். நேரலையில் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது காசு கொடுத்தால் நம் வரி நிறம் மாறி மேலே ஒட்டிக்கொள்ளும். தொகை கூடக்கூட அது நிற்கிற நேரமும் கூடும். பேசுகிறவர் பேச்சை நிறுத்தி, பெயரை வாசித்து, நன்றி சொல்கிறார். கேட்டது குதர்க்கமான கேள்வியாக இருந்தாலும் சிரித்துப் பதில் சொல்கிறார். விளம்பரதாரரிடமிருந்து தப்பித்தவர் பணம் கொடுத்த ரசிகரிடம் அகப்பட்டுக்கொள்கிற இடம் இது. மாத உறுப்பினர் கட்டணம் வரிக்குக் கிட்டே வருகிறது. ஆனால் உறுப்பினருக்கு மட்டும் தனிப் படம், பெயருக்குப் பக்கத்தில் தனி வில்லை என்று ஆனதும் தரையில் நாற்காலி போட்டாகிவிட்டது. இரண்டிலும் 30 விழுக்காடு யூடியூபுக்குப் போகிறது. அதாவது மேடை வாடகை.

இந்தியாவில் 2016க்குப் பிறகு யூபிஐ வந்ததால் பத்து ரூபாய், இருபது ரூபாய் அனுப்புவது எளிதானது. திரையின் ஓரத்தில் கியூஆர் கட்டத்தைப் போட்டுவிட்டால் தரகரே இல்லாமல் காசு வருகிறது. துண்டேந்தி வசூலித்த இயக்கங்களின் வழிமுறை செல்போனில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். தடைகளும் உண்டு. மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புது விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது சந்தாக்கள் பல அறுந்தன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர்கள் ஆதரிக்க நினைத்தாலும், செய்தியும் நடப்பு விவகாரமும் தயாரிக்கிறவர்கள் வெளிநாட்டுப் பணம் வாங்குவதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தடுக்கிறது. வாசகர் சந்தாவில் நடக்கிற டெல்லியின் நியூஸ்லாண்ட்ரி அலுவலகத்துக்கு 2021 செப்டம்பரில் வருமான வரித்துறை வந்தது. விளம்பரதாரரை நீக்கினால் அரசு நீங்கிவிடுவதில்லை.

இவற்றைவிட ஆழமான சிக்கல் வரிக்கு உள்ளேயே இருக்கிறது. வரியைச் சமத்துவம் என்று மேலே சொன்னோம். யாருக்குள் சமத்துவம்? பல ஊர்களில் தலித் மக்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை. இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்று நினைத்தால் தப்பு. வரி வாங்கினால் சாமி அவர்கள் தெருவுக்கு வர வேண்டும், கணக்குக் கேட்கிற உரிமை வந்துவிடும், நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க உரிமை வந்துவிடும். ஒரு குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளிவைத்தால் முதலில் செய்வதும் அதன் வரியை வாங்காமல் விடுவதுதான். கொடுக்கிற உரிமையே ஒரு அதிகாரம். யார் காசு செல்லும் என்று முடிவு செய்வதில்தான் 'ஊர்' கட்டமைக்கப்படுகிறது.

இணையத்தில் யார் காசையும் யாரும் மறுப்பதில்லை, உண்மைதான். ஆனால் மாதம் 159 ரூபாயோ 299 ரூபாயோ கொடுக்க முடிகிறவர்கள்தான் அங்கே ஊர். அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லச் சொல்லக் கூட்டம் இறுகும். சாதிப் பெருமை பேசுகிறவருக்கும் இதே கியூஆர் கட்டம்தான். விளம்பரதாரரைப் போல அவர் யாருக்கும் பயப்படவும் தேவையில்லை. ஆகவே பார்வையாளர் பணம் தன்னளவில் முற்போக்கானது என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

அதற்காக அதை விட்டுவிடவும் முடியாது. சுரங்கக் குழியைப் படம் எடுக்கிற பையனுக்கு வேறு வழி கிடையாது. கேட்க வேண்டியவை நான்குதான். ஒருவர் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டா? பெயர் வாசிக்காமல் வாங்க முடியுமா? கொடுக்காதவனும் அதே படத்தை அதே நேரத்தில் பார்க்க முடியுமா? ஆண்டுக்கொரு தடவை வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்களா? இந்த நான்கும் இருந்தால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வந்தாலும் அது ஒடேசாவின் வழி. இல்லையென்றால் டியூப் லைட்டில் எழுதியிருக்கிற பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.