இரண்டு பதிவேடுகள்: சிறை மீண்டோர் மறுவாழ்வு குறித்த ஒரு சட்ட வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஆயுள் சிறைவாசி ஒருவரை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று ஆராயும்போது, சிறைத்துறை அவருடைய நடத்தைக் குறிப்பைப் புரட்டுகிறது. ஒழுங்காக வேலை செய்தாரா, படித்தாரா, விடுப்பில் போனவர் குறித்த நாளில் திரும்பினாரா, உள்ளே தகராறு ஏதும் செய்தாரா என்பவை அதில் பதிவாகியிருக்கும். அதே மனிதர் ஊர் திரும்பும்போது, காவல் நிலையத்தில் அவர் பெயரில் இன்னொரு பதிவேடு இருக்கக்கூடும். அது சரித்திரப் பதிவேடு; காவலர் பேச்சில் ஹிஸ்டரி ஷீட். முதல் பதிவேடு அவர் திருந்திவிட்டதாகச் சான்று தருகிறது. இரண்டாவது, அவர் மறுபடியும் குற்றம் செய்வார் என்று காத்திருக்கிறது. இரண்டையும் எழுதுவது ஒரே அரசு.

சிறைக்குப் போய் வந்தவர் வாழ்க்கையைத் திருத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் தனிமனித மன உறுதி சார்ந்ததாகவே கேட்கிறோம். இக்கட்டுரை அதைச் சட்ட வரலாற்றின் வழியே அணுகுகிறது. சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் திருத்தம் என்ற மரபும் கண்காணிப்பு என்ற மரபும் அருகருகே வளர்ந்தன. முதல் மரபு கட்டியதை இரண்டாம் மரபு எவ்வாறு தளர்த்தியது என்பதைக் காட்டுவதே இதன் நோக்கம்.

1. அச்சத்திலிருந்து திருத்தம் நோக்கி

மணிமேகலைக் காப்பியத்தில், சோழன் மாவண்கிள்ளியிடம் மணிமேகலை வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவதற்கென்றே ஒரு காதை உண்டு. தண்டிக்கும் இடம் வாழ்விக்கும் இடமாகலாம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. நவீன இந்தியச் சிறையின் தொடக்கமோ இதற்கு நேர்மாறானது. மெக்காலேயின் முன்முயற்சியால் 1836இல் அமைந்த சிறை ஒழுங்குக் குழு, 1838இல் அறிக்கை தந்தது. கல்வி, அறபோதனை, நன்னடத்தைக்குச் சலுகை ஆகிய திருத்தும் வழிகள் எல்லாவற்றையும் அக்குழு தெரிந்தே ஒதுக்கியது. சலிப்பூட்டும் கடும் உழைப்பே சிறையின் பணி என்றது. சிறைவாசம் என்றால் நடுங்க வேண்டும்; நடுங்கினால் குற்றம் குறையும் என்பது அதன் கணக்கு. பிந்தைய குழுக்கள் உணவு, நோய், மரணம் பற்றிக் கவலைப்பட்டன; 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமும் நிர்வாக ஒழுங்கையே மையமாகக் கொண்டது.

திருப்பம் 1919-20இல் வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு, கைதியைத் தனி மனிதராகக் காண இந்தியச் சிறை தவறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது. குற்றவாளியைத் திருத்திச் சமூகத்துக்குத் திருப்பித் தருவதைச் சிறையின் நோக்கங்களில் ஒன்றாக அது ஏற்றது. விடுதலைக்குப் பிந்தைய உதவியும் அதன் அக்கறைக்குள் வந்தது.

இந்தப் புதிய போக்கில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1920இல் சென்னைச் சிறுவர் சட்டம் வந்தது. 16 முதல் 21 வயது வரையான இளம் குற்றவாளிகளைப் பெரியவர்களோடு அடைக்காமல் தனியே பயிற்றுவிக்கும் பார்ஸ்டல் பள்ளிகளுக்கான சட்டம் 1926ஆம் ஆண்டின் 5ஆவது சட்டமாயிற்று. தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடுவிக்க வழிசெய்யும் சட்டம் 1937இன் 3ஆவது சட்டமாக அமைந்தது. நடுவண் அரசு அத்தகைய சட்டத்தை இயற்ற 1958 வரை ஆனது.

2. ரேகைச் சட்டமும் அதன் வாரிசுகளும்

இதே காலத்தில் மற்றொரு மரபும் வேரூன்றியது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றனர். குற்றம் செய்தவரை மட்டுமின்றி, குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் அனைவரையும் பதிவேட்டில் ஏற்றியது அது. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. கார்டியூ குழு கைதியைத் தனி மனிதராகக் காண வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டு அது. ஒரே அரசு, ஒரே காலத்தில், மனிதர் மாறக்கூடியவர் என்றும் மாறவே முடியாதவர் என்றும் இருவேறு முடிவுகளின்மேல் நிர்வாகம் நடத்தியது.

நீண்ட போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதற்குமான நீக்கம் 1952இல் நடந்தது. ஆனால் 1948இலேயே சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்துவிட்டது. சாதிக்குப் பதில் தண்டனை வரலாறு அளவுகோலாயிற்று. அது முன்னேற்றம்தான், எனினும் பழைய குற்றத்தை வைத்து வருங்காலத்தைத் தீர்மானிக்கும் முறை அப்படியே தொடர்ந்தது. காவல் நிலையாணைகளின்படி பேணப்படும் சரித்திரப் பதிவேடும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவின் (இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129ஆவது பிரிவின்) கீழ் எழுதி வாங்கப்படும் நன்னடத்தைப் பிணையும் இந்த மரபில் வருபவை.

உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் (1962) கண்காணிப்புக்கு உட்பட்டவரின் வீட்டுக்கு நள்ளிரவில் காவலர் செல்வதை மட்டும் செல்லாதென்றது. பிற கண்காணிப்பை அனுமதித்தது. 62 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், டெல்லி வழக்கொன்றில் அதே நீதிமன்றம், பின்தங்கிய சமூகத்தவரும், முன்பு குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த சீர்மரபினரும் இப்பதிவேடுகளில் இயந்திரகதியில் ஏற்றப்படுவதைக் குறிப்பிட்டு, மாநிலங்கள் தங்கள் விதிகளை மீளாய்வு செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைக் கையேடுகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளை ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கும் வழக்கமும் அவ்வழக்கில் பேசப்பட்டது.

3. சுவரில்லாச் சிறை

திருத்த மரபின் துணிச்சலான சோதனை திறந்தவெளிச் சிறை. 1930களின் இறுதியில் ஔந்து சமஸ்தானத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், சுதந்திரபூர் என்ற குடியிருப்பில் கடும் குற்றவாளிகள் காவலின்றி நிலத்தில் உழைக்க விடப்பட்டனர். அந்த அனுபவத்தைத் தழுவி வி. சாந்தாராம் 1957இல் எடுத்த இந்திப் படமே எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வெளியான 'பல்லாண்டு வாழ்க'வின் மூலம். ஆறு கொலைக் கைதிகளை நம்பி வெளியே அழைத்துச் செல்லும் சிறை அதிகாரியின் கதையாகத் தமிழர் பலர் இக்கருத்தை முதலில் அறிந்தது திரையரங்கில்தான்.

உத்தரப் பிரதேசத்தில் அமைச்சர் சம்பூர்ணானந்தின் முன்முயற்சியில் 1952 முதல் கைதிகள் அணைக்கட்டு வேலைகளில் காவல் குறைந்த முகாம்களில் தங்கினர். ராஜஸ்தானின் சாங்கானேர் முகாமில் 1963 முதல் சிறைவாசிகள் குடும்பத்தோடு வசித்து, காலையில் வேலைக்குப் போய், சம்பாதித்துத் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்கின்றனர். விடுதலை நாளில் அவர்களுக்கு வேலையும் வீட்டாரும் ஏற்கெனவே இருப்பதுதான் இம்முறையின் சாரம்.

தமிழ்நாட்டிலும் சிங்காநல்லூர், சேலம் போன்ற இடங்களில் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. சிறைவாசிகள் நடத்தும் அங்காடிகளும் பெட்ரோல் பங்குகளும் அண்மைக்கால வளர்ச்சி. 2023இல் புழல் அருகே பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்கு திறக்கப்பட்டது. வண்டிக்குப் பெட்ரோல் போட வருபவர், தம்மிடம் பணத்தை எண்ணி வாங்குபவர் ஒரு தண்டனைக் கைதி என்பதை அறிந்தும் தயங்காமல் போகிறார். பல சொற்பொழிவுகளால் ஆகாத காரியம் இது.

4. நீதிமன்றத்தின் குரல்

1957இல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அதற்கு முன் 1948இல் தாமே சில வாரங்கள் சிறையில் இருந்தவர். கியாசுதீன் வழக்கில் (1977) தண்டனையின் மையம் பழிவாங்கல் ஆகாது, மனிதரை மீட்டெடுப்பதே என்று உச்ச நீதிமன்றத்தில் அவர் எழுதினார். நீதிபதி முல்லா தலைமையிலான குழு (1980-83), விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பை அரசின் கடமையாக்கப் பரிந்துரைத்தது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அப்பரிந்துரைகள் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு அளவில் மட்டுமே நிறைவேறின.

நடத்தைக் குறிப்புக்கு நீதிமன்றம் தந்த எடையைத் தமிழ்நாடு நேரில் கண்டது 2022 மே 18இல். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளனை 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்குப் பின் அரசமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்த உச்ச நீதிமன்றம், சிறையிலும் விடுப்பிலும் அவருடைய நடத்தையையும், உள்ளே பெற்ற கல்வித் தகுதிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவ்வழக்கின் அரசியல் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. கல்வியும் நடத்தையும் விடுதலைக்கான சான்றாகலாம் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றது என்பதே இங்கு நமக்குத் தேவையான செய்தி.

5. ஆய்வுகள் காட்டும் பாதை

மனிதர் மாறுகிறாரா என்பதை நீண்ட காலம் பின்தொடர்ந்து அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. அங்கும் கருத்து ஊசலாடியது. 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் 231 ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை, எதுவும் பலிக்காது என்ற முழக்கமாகவே பரவியது. 1979இல் அவரே தம் முடிவைத் திருத்திக்கொண்டார், முழக்கம் அடங்கவில்லை.

அதற்கு ஆழமான மறுப்பு பழைய தரவிலிருந்தே வந்தது. சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த பாஸ்டன் நகரச் சிறுவர்கள் 500 பேரைப் பற்றி குளூக் தம்பதியர் திரட்டிய ஆவணங்களை ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் மீட்டெடுத்து, அவர்களை 70 வயது வரை தொடர்ந்தனர். ஏறத்தாழ அனைவரும் ஏதோ ஒரு வயதில் குற்றத்திலிருந்து விலகினர். நிலையான வேலை, நல்ல மணவாழ்வு, ராணுவப் பணி ஆகியவை பலருக்குத் திருப்புமுனையாயின. குழந்தைப் பருவக் குணங்களை வைத்து யார் விலகுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

எதிர்வாதமும் வலுவானதே. 2005இல் 30 அமெரிக்க மாநிலங்களில் விடுதலையானவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குள் மீண்டும் கைதாயினர். ஆனால் அதே தரவைப் பிரித்துப் பார்த்தால், முதல் ஆண்டில் 44 விழுக்காட்டினர் கைதாக, ஒன்பதாம் ஆண்டில் அது 24 ஆகக் குறைந்தது. கைது என்பது தண்டனையும் ஆகாது. ஆல்ஃபிரட் பிளம்ஸ்டீன், கிமினோரி நாகமுரா ஆய்வின்படி (2009), முதல் கைதுக்குப் பின் குற்றமின்றி ஏறக்குறைய நான்கு முதல் எட்டு ஆண்டுகளைக் கடந்தவர், அவர் வயதொத்த மற்றவரைவிட ஆபத்தானவர் அல்லர். குற்றத்தின் தன்மையையும் வயதையும் பொறுத்துக் காலம் மாறும். ஆக, பழைய குற்றம் எதையும் முன்னறிவிக்காத ஒரு நாள் வருகிறது. அளந்து சொல்லக்கூடிய நாளாகவே வருகிறது.

அந்த நாள் வரை அவர் எப்படிப் பிழைப்பார்? தேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்திய சோதனையில் (2003), ஒரே தகுதியுள்ள வெள்ளையர்களில் குற்றப் பதிவு இல்லாதவர்களை 34 விழுக்காட்டு முதலாளிகள் மேற்கொண்டு அழைத்தனர். பதிவு உள்ளவர்களை 17 விழுக்காட்டினரே. கறுப்பினத்தவருக்கு அது 14இலிருந்து 5 ஆக வீழ்ந்தது. திருப்புமுனையாக வேண்டிய வேலையைப் பதிவேடே பறித்துவிடுகிறது.

6. வாசலுக்கு வெளியே

இந்தியச் சட்டம் மறதியை முற்றிலும் அறியாததன்று. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அதன் கீழ் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சிறாரின் வழக்குப் பதிவுகளைக் குறித்த காலத்துக்குப்பின் அழிக்கச் சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, இரண்டாண்டு தண்டனை பெற்ற அரசியல்வாதிகூட விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கடந்தபின் மீண்டும் வேட்பாளராகலாம். நாட்டை ஆளும் தகுதிக்குக் காலக்கெடு வைத்த சட்டம், கடைச் சிப்பந்தியாகவோ ஓட்டுநராகவோ வாழ விரும்பும் சாதாரணக் கைதிக்கு அத்தகைய கெடு எதையும் வைக்கவில்லை. பிரிட்டன் 1974இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது.

இங்கு நிலை இன்னும் கடுமை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி), பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்றத்தில் தொடர்புடையவராகவே கருதுகிறது. அதாவது தண்டிக்கப்படாதவருக்கும் கறை ஒட்டிக்கொள்கிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். சிறையில் தரப்படும் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளையே கருதி அமைந்தவை. பெரும்பாலானோர் சிறையின் கறையைச் சுமந்து, அதன் திருத்தத்தைப் பெறாமலே வெளியேறுகின்றனர்.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சிறை மீண்டோர் மாறுகிறார்கள். வயதும் வேலையும் உறவும் சேரும்போது பெரும்பாலோர் மாறுகிறார்கள். இரண்டு, இந்த உண்மையைத் தமிழ்நிலத்துச் சட்டம் 1920களிலேயே ஏற்றுக்கொண்டது. மூன்று, மாற முடியாதவர் என்ற எண்ணத்தில் பிறந்த கண்காணிப்பு மரபு சட்டப் பெயர்களை மாற்றிக்கொண்டு தொடர்வதால், முதல் மரபின் பலன் சிறைவாசலோடு நின்றுவிடுகிறது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. குற்றமின்றிக் குறித்த ஆண்டுகள் கடந்ததும் சரித்திரப் பதிவேடு தானாக முடிவதற்குச் சட்டம் வேண்டும். நீட்டிக்க விரும்பும் அதிகாரி நீதிமன்றத்தில் காரணம் காட்டட்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தரும் பாதுகாப்பைத் தண்டனை முடித்துத் திருந்தி வாழ்வோருக்கும் விரிவாக்க வேண்டும். விசாரணைக் கைதிக்கும் கல்வியும் பயிற்சியும் கிடைக்க வேண்டும். ஒருவர் திருந்திவிட்டார் என்று கையெழுத்திட்டு விடுவிக்கும் அரசு, தன் கையெழுத்தைத் தானே நம்பியாக வேண்டும்.