மருத்துவர் பணிச்சோர்வும் அவதானப் பயிற்சியும்: ராச்செஸ்டர் ஆய்வை முன்வைத்து

மருத்துவர்களின் பணிச்சோர்வை அவதானப் பயிற்சியால் தணிக்கக்கூடுமா என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் முதல்நிலைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் 70 பேரைக் கொண்டு மைக்கேல் கிராஸ்னரும் ரொனால்ட் எப்ஸ்டைனும் அவர்தம் சகாக்களும் நடத்தி, 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வினையே ஆகும். அதிலிருந்து தியானத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, மற்றவற்றை உதறிவிட்டு, மருத்துவர் நாள்தோறும் சிறிது நேரம் மூச்சைக் கவனித்தால் சோர்வு நீங்கிவிடும் என்று நிர்வாகங்கள் கொள்ளும் முடிவுக்கு அவ்வாய்வில் ஆதாரமில்லை என்பது என் துணிபு.

சோர்வு என்ற சொல்லை நாம் உடல் அயர்ச்சிக்கும் வழங்குவதால் இங்கே சற்று விளக்கம் வேண்டும். 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தவர்களே சில காலத்தில் உள்ளம் வற்றிப்போவதைக் கண்டு இந்நிலையை எழுதிவைத்தார். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வகுத்த அளவுகோல் இதனை மூன்று கூறாக்கியது: உணர்ச்சி வற்றுதல், எதிரிலுள்ளவரை ஆளாக எண்ணாது வெறும் பொருளாக எண்ணத் தலைப்படுதல், தன் உழைப்பால் பயன் விளைகிறது என்ற நம்பிக்கை தேய்தல். இம்மூன்றில் நடுவிலுள்ளதே மிகக் கொடியது என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் மற்ற இரண்டும் மருத்துவரை வருத்துவன, இதுவோ நோயாளியையும் சேர்த்து வருத்துவது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-இல் ஏற்கப்பட்ட தன் பதினோராவது நோய்ப் பகுப்பில் பணிச்சோர்வை நோயென்று கூறாமல், தொழிலோடு ஒட்டி விளையும் நிலை என்றே குறித்திருக்கிறது.

அவதானம் என்று நான் இங்கு வழங்குவது, பௌத்தர் பாலியில் ஸதி என்றும் வடமொழியில் ஸ்மிருதி என்றும் கூறும் விழிப்பினை. அதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை 1881-இல் தம் மொழிபெயர்ப்பில் ஆண்ட ரைஸ் டேவிட்ஸ், முன்னர் இலங்கையில் சிவில் உத்தியோகம் பார்த்தவர். 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, எட்டு வார காலப் பயிற்சியாக வளர்த்தெடுத்த முறையின் வழியாக அது மருத்துவமனைக்குள் புகுந்தது. நம்மிடையே அவதானம் என்றவுடன் அஷ்டாவதானியே நினைவுக்கு வருவார். இக்காலத்து மருத்துவரோ அக்கலையைக் கற்காமலேயே, கணிப்பொறித் திரையும் தொலைபேசியும் வெளியே காத்திருக்கும் வரிசையும் எதிரே அமர்ந்த நோயாளியுமாக எட்டுத் திசையிலும் ஏககாலத்தில் கவனம் சிதற வேண்டியவராகிவிட்டார்.

ராச்செஸ்டரில் நடந்தது யாது? எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். இடையே ஏழு மணி நேரம் நீடித்த ஒரு தனி அமர்வு. அதன்பின் பத்து மாதம், மாதத்துக்கு இரண்டரை மணி நேரம். தியானம் அதில் ஒரு பங்கே. மருத்துவர்கள் தம் பணியில் மனத்தை உலுக்கிய நிகழ்ச்சியொன்றை எழுதிக் கொண்டுவந்து சகாக்களுக்குச் சொன்னார்கள். கேட்பவர் புத்திமதி கூறப் புகாமல் கேட்கவே பழகினார். சிகிச்சை சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், மற்றொருவரின் துயரைக் கேட்டுவிட்டு மருந்து ஒன்றும் சொல்லாமலிருப்பது எத்தனை அரிய காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்! உணர்ச்சி வறட்சியின் சராசரி மதிப்பெண் தொடக்கத்தில் 26.8 ஆக இருந்தது, பதினைந்தாம் மாதத்தில் 20.0 ஆகக் குறைந்தது. ஒப்புநோக்கத் தனிக் குழு எதுவும் இல்லை. வந்தவர் அனைவரும் விரும்பி வந்தவர்கள். ஆகையால் இப்பயனைப் பயிற்சியின் கணக்கிலேயே முற்றும் எழுதிவிட முடியாது.

இவ்வெண்களைவிட, அம்மருத்துவருள் இருபதுபேரிடம் பேட்டி கண்டு 2012-இல் வெளியான தொடராய்வே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சகாக்களோடு அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டதனால் தம் தனிமை குறைந்தது என்றும், நோயாளி கூறுவதைச் செவிமடுக்கும் திறம் வளர்ந்தது என்றும் அவர்கள் கூறினார்கள். தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள நேரம் ஒதுக்குவதற்குத் தம் மனமே அனுமதி தர மறுத்தது என்பதும் அதில் வெளிப்பட்டது. நோயாளியின் அறைக் கதவில் கைவைத்த அக்கணத்தில் ஒரு மூச்சளவு நின்று, முந்தைய நோயாளியை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு எப்ஸ்டைன் கூறும் எளிய பழக்கமும் நோயாளியை நோக்கித் திரும்புவதற்கே அன்றி, மருத்துவர் தம் நெருக்கடியை மேலும் சகித்துக்கொள்வதற்கு அன்று.

சகிக்கப் பழக்குவதற்கே இப்பயிற்சி என்று எண்ணி அதனை வெறுப்போரும் உளர். அவர்களுடைய சினத்தில் நியாயம் உண்டு. 2017-இல் வெளியான தொகுப்பாய்வொன்று, தனிமனிதரை மாற்ற முயலும் திட்டங்களைவிட வேலை நேரத்தையும் பணிமுறையையும் மாற்றும் ஸ்தாபனத் திட்டங்கள் கூடுதல் பயன் தந்தன என்று கண்டது. ஆனால் அதற்காக அவதானத்தைத் தள்ளிவிடலாகாது. நேரம் மிகுந்திருந்தும் திரையை விட்டுக் கண்ணெடுக்காத மருத்துவர் உண்டல்லவா? ராச்செஸ்டர் திட்டத்தை மேற்கொள்ள விரும்பும் மருத்துவமனை, தியானம் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடுவதற்கு முன்னதாக, அவ்விரண்டரை மணி நேரத்தையும் மருத்துவரின் உறக்கத்திலிருந்தோ குடும்பத்துக்குரிய மாலையிலிருந்தோ பறிக்காமல், பணிநேர அட்டவணைக்குள்ளேயே எழுதி, அந்நேரத்து நோயாளிகளைப் பார்க்க வேறொருவரையும் நியமித்தாக வேண்டும்.