உடும்புக்கு ஒரு பக்கம்

என் தங்கை நாட்றம்பள்ளியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏலகிரி மலையைப் பார்த்தபடி அமைந்த வீடு. சென்ற மாதம் போயிருந்தபோது, அவளுடைய ஐந்து வயதுப் பையனுக்கு ஓர் ஆங்கிலப் படப் புஸ்தகம் வாங்கிக்கொண்டு போனேன். அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கு மூளும் என்று நான் சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

புஸ்தகத்தின் நடுப்பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு பிராணி. முதுகிலே சீப்பை நட்டு வைத்தாற்போல் முள் வரிசை; கழுத்தின் கீழே தொங்கும் சதை. "இக்வானா!" என்று பையன் உரக்கப் படித்தான். என் தங்கையின் மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, இது உடும்புடா."

"இல்லே தாத்தா, இக்வானா!"

"நான் பார்க்காத உடும்பா? நீங்களே சொல்லுங்க தம்பி."

இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்குச் சகலமும் தெரியும் என்று உறவினர்கள் நம்புவது எங்கள் தொழிலின் சாபக்கேடு. பேரன் சொன்னதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். ஆனால் தாத்தா செய்தது சாமானியப் பிழையல்ல. அதற்குப் பின்னால் சில நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

இக்வானா அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. மரத்தில் வசித்து இலை தின்பது. அங்கே இருந்த ஆதிக்குடிகளின் சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஐரோப்பியர் கப்பலேறிப் போன இடங்களிலெல்லாம், பெரிய பல்லி ஜாதி ஒன்றைக் கண்டால் அந்தப் பெயரையே சூட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் உடும்புக்குக் 'கோஆனா' என்று பெயர் வந்தது இப்படித்தான். நம் நாட்டு உடும்பையும் 'குவானா' என்று எழுதினார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இது மேலோட்டமான ஒற்றுமையைக் கண்டு இடம் மாற்றிச் சூட்டிய பெயர் என்று குட்டு வைக்கிறது.

குட்டுப் பட்டும் பிழை திருந்தியதா? குழந்தைப் புஸ்தகங்களைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கதை ஒன்றை வெர்னா ஆர்டிமா எழுத, லியோ, டயான் தில்லான் தம்பதி சித்திரம் தீட்டி 1975-ல் ஒரு புஸ்தகம் வந்தது. கொசு ஏன் காதண்டை வந்து ரீங்காரமிடுகிறது என்பது கதை. கொசுவின் பொய்யைக் கேட்கச் சகிக்காமல் இக்வானா காதில் குச்சியைச் செருகிக்கொள்கிறது. அதிலிருந்து காடே அல்லோல கல்லோலப்படுகிறது. அபாரமான சித்திரங்கள். அமெரிக்காவில் படப் புஸ்தகத்துக்கு அளிக்கும் கால்டெகாட் பதக்கம் 1976-ல் அதற்குக் கிடைத்தது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் இக்வானா ஏது? அங்கே இருப்பது உடும்பு! அவர்கள் உடும்பை இக்வானா என்றார்கள்; எங்கள் தாத்தா இக்வானாவை உடும்பு என்றார். கணக்கு நேராகிவிட்டது.

பெயர் போகட்டும். ஒரு பிராணியைக் கண்டு பயப்படுவதா, அன்பு காட்டுவதா என்பதைக் குழந்தைக்கு முதலில் கற்பிப்பதும் படந்தான். 1658-ல் நியூரம்பர்க்கில் கொமேனியஸ் என்ற பாதிரியார் வெளியிட்ட நூலைக் குழந்தைகளின் முதல் படப் புஸ்தகம் என்று பலர் சொல்வதுண்டு. அதில் ஊர்வனவற்றின் பாடத்திலே பல்லி இருக்கிறது. யார் யார் மத்தியில் தெரியுமா? நெருப்பில் உயிர் வாழும் சாலமாண்டர், மூச்சினால் கொல்லும் சிறகு முளைத்த சர்ப்பம், பார்வையாலேயே கொல்லும் பசிலிஸ்க்! இத்தனை கொலைகாரர்களுக்கு நடுவே பாவம், அந்த அப்பாவிப் பல்லி. 2004-ல் காரென் ஆர்லாஃப் எழுதிய புஸ்தகத்தில், ஒரு பையன் இக்வானா வளர்க்க வேண்டுமென்று அம்மாவுக்குக் கடிதத்தின் மேல் கடிதமாக எழுதுகிறான். பயம் செல்லமாக மாறுவதற்கு மூன்றரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

நம்முடைய சமாசாரம் எப்படி? காஞ்சி வரதராஜர் கோயிலில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தங்கப் பல்லியைத் தொடச் செய்கிறோம். மாகறல் கோயிலில் சிவபெருமான் உடும்பாய் வந்தார் என்கிறது தல புராணம். ஆனால் தெருவிலே ஓணானைக் கண்டால் கல்! இராமபிரானின் தாகத்துக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம். இந்த ஒரு கதைக்காகத் தலைமுறை தலைமுறையாக எத்தனை ஓணான்கள் சுருக்குக் கயிற்றில் உயிரை விட்டிருக்கின்றன! நானும் எறிந்தவன்தான். கதை எவ்வளவு தூரம் கொல்லும் என்பதைக் கதை எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடும்பின் விதி வேறு. அதைக் கொன்றது கதையல்ல, தோல். 1930-களில் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்குப் பல்லித் தோல் செருப்பும் கைப்பையும் நாகரிகமாயின. இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. நம் கஞ்சிராவுக்கும் அந்தத் தோல்தான் வேண்டியிருந்தது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தபோது சபை முழுவதும் கேட்டது உடும்புத் தோலின் நாதந்தான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. இன்று அதை வேட்டையாடினால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை. கஞ்சிராவுக்கு ஆட்டுத் தோல் வந்துவிட்டது.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது தாத்தா மௌனமாக இருந்தார். இளமையில் வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் அவர்.

"ஆட்டுத் தோலு, மாட்டுத் தோலுதான் எங்க பொழப்பு தம்பி. எப்பவாவது உடும்புத் தோல் கட்டு ஒண்ணு வரும். மணி மணியா, அவ்வளவு அழகு. இது உசுரோட இருந்ததுன்னு அப்போ தோணினதே இல்லை."

பிறகு பேரனிடமிருந்து பென்ஸிலை வாங்கினார். புஸ்தகத்தின் கடைசியில் வெறுமையாக இருந்த பக்கத்தில் ஓர் உடம்பு, ஒரு நீண்ட வால் போட்டார். முதுகில் மணி மணியாகப் புள்ளிகளை வைத்தார். அதுவரை கை தயங்கவே இல்லை. முகத்துக்கு வந்ததும் பென்ஸில் நின்றுவிட்டது.

"முள்ளு எங்கே தாத்தா?"

"உடும்புக்கு முள்ளு கிடையாதுடா. நாக்குதான் பாம்பு மாதிரி ரெண்டா பிளந்திருக்கும்."

நாக்கைப் போட்டார். கண்ணை மட்டும் போடவில்லை. "தோலாப் பார்த்ததுதான் ஜாஸ்தி" என்று என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

பையன் பென்ஸிலைப் பிடுங்கி, தானே ஒரு பெரிய கண்ணைப் போட்டான். பக்கத்தில் கோணலாக ஓர் 'உ' எழுதினான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்த 'உ' உரலுக்கு உரியது. அந்த வீட்டில் உரல் இல்லை. அவன் அதைப் பார்த்ததும் இல்லை. உடும்பாவது ஏலகிரி அடிவாரத்தில் எங்கேனும் ஒரு பொந்தில் இருக்கக்கூடும்.